இலையைப் பார்த்துப் பரிமாறுவது: மொழி வகுப்பில் மாணவர் மையமும் கற்பவர் தன்னாட்சியும்

கல்லூரிகளை மதிப்பிடும் 'நாக்' அமைப்புக்கு அனுப்பவேண்டிய தன்மதிப்பீட்டு அறிக்கையில், மாணவர் மையக் கற்பித்தலை எப்படிப் பின்பற்றுகிறீர்கள் என்று விளக்கவேண்டிய ஒரு பகுதி உண்டு. பல கல்லூரிகளில் அதற்குச் சான்றாகச் சேர்வது நிழற்படங்கள்: வட்டமாக உட்கார்ந்து பேசும் மாணவர்கள், திரைக்கு முன்னால் நின்று உரையாற்றும் மாணவி, மொழி ஆய்வகத்தில் ஹெட்போன் மாட்டிய ஒரு வரிசை. படங்கள் உண்மையானவைதாம். ஆனால் அந்த வட்டத்தில் பேசவேண்டிய தலைப்பை யார் முடிவு செய்தார்கள், பேச்சு நன்றாக இருந்ததா என்று யார் சொன்னார்கள் என்பது படத்தில் தெரியாது. வகுப்பு மாணவரை மையமாகக் கொண்டதா என்பதை அந்த இரண்டு கேள்விகளுக்கான விடையை வைத்துத்தான் சொல்லமுடியும்.

இந்தச் சொல்லோடு சேர்ந்தே புழங்கும் இன்னொரு சொல் 'கற்பவர் தன்னாட்சி'. மாணவர் தாமாகவே படித்துக்கொள்வது என்று அதைப் பலர் புரிந்துகொள்கிறார்கள். இந்தப் புரிதல் மாணவர்களுக்குத் தீங்கு செய்கிறது. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த ஒருவரிடம் 'நீங்களே படித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டால், ஆங்கிலம் வராதது தம் குறை என்று எண்ணிக்கொண்டு மூன்று ஆண்டுகளையும் அச்சத்திலேயே கழித்துவிடுகிறார். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் இரண்டு சொற்களையும் அடியிலிருந்து விளக்க விரும்புகிறேன். எடுத்துக்காட்டுக்குத் தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் எல்லாத் துறை மாணவர்களும் பகுதி இரண்டாகப் படிக்கும் பொது ஆங்கில வகுப்பை எடுத்துக்கொள்கிறேன்.

## பின்சீட்டில் போன வழி

நண்பரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஓர் உறவினர் வீட்டுக்குப் பத்து முறை போயிருப்போம். பதினோராவது முறை நாமே வண்டி எடுத்துப் போகும்போது இரண்டாவது திருப்பத்திலேயே தயங்குவோம். வழியில் இருந்த டீக்கடை, பெட்ரோல் பங்க், அரச மரம் எல்லாம் நினைவில் இருக்கின்றன. எங்கே திரும்பவேண்டும் என்பது மட்டும் நினைவில் இல்லை. பத்து முறையும் திருப்பங்களை முடிவு செய்தவர் நண்பர். நாம் உடன் போனோம், அவ்வளவுதான்.

ஒரே ஒருமுறை நாமே ஓட்டிப்போய், தவறான தெருவில் நுழைந்து, திரும்பி வந்திருந்தால் அந்த வழி மறக்காது. தவறிய தெரு நினைவில் நிற்பது ஒரு பக்கம். இது தவறான தெரு என்று கண்டுபிடித்ததும் நாமே என்பது அதைவிடப் பெரியது. இந்த இரண்டாவது செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் அதுவே திரும்பத் திரும்ப வரும்.

பொது ஆங்கில வகுப்பு பெரும்பாலும் பின்சீட்டுப் பயணமாகவே இருக்கிறது. எந்தப் பாடம், எந்த வரிசை, எந்தக் கேள்வி முக்கியம், விடையில் எந்த வரி இடம்பெற வேண்டும் என்பதையெல்லாம் வேறொருவர் முடிவு செய்கிறார். மாணவர் நோட்ஸ் எழுதிக்கொள்கிறார், மனப்பாடம் செய்கிறார், தேர்ச்சியும் பெறுகிறார். பிறகு ஒரு நேர்முகத் தேர்வில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று ஆங்கிலத்தில் கேட்டவுடன் முதல் திருப்பத்திலேயே நின்றுவிடுகிறார்.

## பந்தியும் இலையும்

கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் வாளியோடு வரிசையின் இந்த முனையில் தொடங்கி அந்த முனை வரை எல்லா இலையிலும் ஒரே அளவு ஊற்றிக்கொண்டே போவார். இன்னொருவர் ஒவ்வோர் இலையையும் பார்ப்பார். சாதம் காய்ந்து கிடக்கும் இலையருகே நின்று ரசம் ஊற்றுவார். மூடிய இலையைத் தாண்டிப் போவார். குழந்தையிடம் குனிந்து, காரம் ஆகுமா என்று கேட்டு வைப்பார். சமையலும் வாளியும் இருவருக்கும் ஒன்றுதான்.

மாணவர் மையக் கற்பித்தல் என்பது இலையைப் பார்த்துப் பரிமாறுவது. இந்த மாணவருக்கு இப்போது எது தெரியும், எது தேவை, எது தடையாக நிற்கிறது என்று பார்த்து, அங்கிருந்து பாடத்தைத் திட்டமிடுவது. இதில் பரிமாறுகிறவர் ஆசிரியர்தான் என்பதைக் கவனியுங்கள்.

கற்பவர் தன்னாட்சி என்பது சாப்பிடுகிறவரைப் பற்றியது. தனக்கு என்ன வேண்டும், எவ்வளவு போதும் என்று அறிந்து கேட்கத் தெரிவது. பிறகொரு நாள் தானே சமைத்துக்கொள்ளவும் தெரிவது. முன்னது ஆசிரியரின் செயல், பின்னது மாணவருக்குள் வளரும் திறன். முன்னது இல்லாமல் பின்னது வளர்வது கடினம். ஆனால் முன்னது இருந்தாலே பின்னது வந்துவிடும் என்று எண்ணக்கூடாது. மிகுந்த அக்கறையோடு இலை பார்த்துப் பரிமாறும் ஆசிரியரின் மாணவர்கள்கூட, அவர் விடுப்பில் போன வாரம் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கலாம்.

தமிழில் இங்கே ஒரு சொற்குழப்பம் நேர்கிறது. நம் ஊரில் 'தன்னாட்சி' என்ற சொல்லைக் கல்லூரி முகப்பு வளைவில்தான் முதலில் பார்க்கிறோம். அது, பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே அமைத்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழு வழங்கும் உரிமை. நிறுவனத்துக்கு உரிய அந்தத் தன்னாட்சிக்கும், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவரின் தன்னாட்சிக்கும் தொடர்பில்லை. இந்தக் கட்டுரையில் தன்னாட்சி என்றால் மாணவருடையது.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: வழியை முடிவு செய்யாதவருக்கு வழி பிடிபடாது. மாணவர் மையம் ஆசிரியர் கற்பிக்கும் முறை. தன்னாட்சி மாணவர் பெறும் திறன்.

## நான்சி நகரத்திலிருந்து

மொழிக் கல்வியில் இந்தச் சிந்தனை வேர்பிடித்த இடங்களில் முதன்மையானது பிரான்ஸின் நான்சி நகரப் பல்கலைக்கழகம். அங்கே இவ் ஷாலோன் என்பவர் மொழிக் கற்றலுக்கென ஓர் ஆய்வு மையத்தை உருவாக்கினார். 1972இல் அவர் மறைந்த பிறகு ஆன்ரி ஒலெக் அதை வழிநடத்தினார். ஐரோப்பிய மன்றம் 1971இல் தொடங்கிய நவீன மொழிகள் திட்டம் இவர்களின் பணிக்குத் துணையாக இருந்தது. வேலைக்குப் போகும் பெரியவர்கள்தாம் அவர்களின் கவனத்துக்கு வந்த முதல் மாணவர்கள். அவர்களால் நாள்தோறும் வகுப்புக்கு வர முடியாது. ஒவ்வொருவருக்கும் மொழி வேண்டிய காரணமும் வேறு. எல்லாருக்கும் ஒரே பாடம் என்பது அங்கே நடைமுறையிலேயே பொருந்தவில்லை.

ஒலெக் ஐரோப்பிய மன்றத்துக்காக 1979இல் எழுதி, 1981இல் நூலாக வந்த அறிக்கையில், தன் கற்றலுக்குத் தானே பொறுப்பேற்கும் திறன் என்று தன்னாட்சியை வரையறுத்தார். அது பிறவியில் வருவது இல்லை என்றும், கற்றுப் பெறவேண்டியது என்றும் சேர்த்தே சொன்னார். பிற்பாடு வந்தவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கற்றுப் பெறவேண்டிய திறன் என்றால் யாராவது கற்பிக்கவேண்டும். அந்தப் பாதி விடுபட்ட இடத்திலிருந்துதான் 'நீங்களே படித்துக்கொள்ளுங்கள்' பிறந்தது.

## ஐந்து முடிவுகள்

பொறுப்பு என்பது அருவமான சொல்லாகத் தோன்றலாம். ஒலெக் அதை ஐந்து முடிவுகளாகப் பிரித்துக் காட்டினார்: எதற்காகக் கற்கிறேன் என்ற குறிக்கோள், எதை, எந்த வரிசையில் கற்பது என்ற உள்ளடக்கம், எப்படிக் கற்பது என்ற முறை, கற்பது நடக்கிறதா என்று போகும் வழியில் கண்காணிப்பது, கற்றுவிட்டேனா என்று இறுதியில் மதிப்பிடுவது.

இவற்றை வைத்து எந்த வகுப்பையும் அளந்து பார்க்கலாம். குழுவாக உட்கார்ந்து பேசினாலும், கணினித் திரையில் படம் காட்டினாலும், இந்த ஐந்தில் ஒன்றுகூட மாணவர் கைக்கு வரவில்லை என்றால் அது பின்சீட்டுப் பயணம்தான். வரிசையாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும், ஒன்றிரண்டு முடிவுகள் கைமாறியிருந்தால் அங்கே தன்னாட்சி துளிர்விட்டிருக்கிறது.

ஐந்தும் சம எடை உடையவை என்று நான் நினைக்கவில்லை. கடைசி முடிவாகிய மதிப்பீடுதான் மற்ற நான்கையும் தாங்குகிறது. தன் வாக்கியம் சரியா தவறா என்று தானே உணர முடியாதவருக்கு, அடுத்து எதைக் கற்கவேண்டும் என்ற குறிக்கோள் எப்படித் தோன்றும்? தான் பின்பற்றும் முறை பலன் தருகிறதா என்று எப்படித் தெரியும்? நம் கல்லூரிகளில் தலைப்பைத் தேர்ந்தெடுக்க மாணவரை விடுகிறோம், கருத்தரங்கம் நடத்த விடுகிறோம், மதிப்பெண்ணை மட்டும் கையைவிட்டுத் தருவதில்லை. ஆண்டுக் கணக்காக இன்னொருவர் சிவப்பு மையால் சொல்லித்தான் தன் மொழியின் தரம் தெரியும் என்று பழகியவர், சிவப்பு மை இல்லாத இடத்தில் வாய் திறக்க அஞ்சுகிறார். ஆங்கிலப் பயம் என்று நாம் அழைப்பதில் பெரும்பகுதி இதுதான் என்பது என் கருத்து. சொற்கள் தெரியாததைவிட, அளவுகோல் எப்போதும் அடுத்தவர் கையிலேயே இருந்தது அந்தப் பயத்துக்குக் கூடுதல் காரணம்.

மொழிப் பாடத்தில் இது வேறு பாடங்களைவிடக் கூர்மையாக வெளிப்படுகிறது. கணக்கில் விடையைத் திருப்பிப் போட்டுச் சரிபார்க்கலாம். பேச்சில் அப்படி ஒரு வழி கிடையாது. பேசும் நொடியிலேயே, தன் காதே தன் வாயைத் திருத்தவேண்டும்.

சுருக்கமாக: தன்னாட்சி என்பது ஐந்து முடிவுகள் கைமாறுவது. அவற்றில் மதிப்பீடு கைமாறாத வரை மற்றவை நிலைக்காது.

## ஒரு கடிதம் எழுதும் வகுப்பு

கல்விக் கடன் கேட்டு வங்கி மேலாளருக்குக் கடிதம் எழுதுவது பாடம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான வகுப்பில் மாதிரிக் கடிதம் கரும்பலகைக்கு வரும், அறுபது பேரும் எழுதிக்கொள்வார்கள், தேர்வில் அதே கடிதம் அறுபது முறை திரும்பி வரும்.

வேறு வகையில் தொடங்கிப் பார்க்கலாம். ஆசிரியர் மூன்று கடிதங்களைத் தயார் செய்து வருகிறார். முதலாவதில் இலக்கணப் பிழையே இல்லை, ஆனால் எவ்வளவு தொகை வேண்டும் என்ற செய்தியும் இல்லை. இரண்டாவதில் பிழைகள் பல, ஆனால் யார், என்ன படிப்பு, எவ்வளவு பணம், எப்போது வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது. மூன்றாவதில் வங்கியைப் புகழ்ந்தே பாதிக் கடிதம் போய்விடுகிறது. ஒரே பெஞ்சில் இருப்பவர்கள் பேசி, எந்தக் கடிதத்துக்கு மேலாளர் விடை எழுதுவார் என்று வரிசைப்படுத்தவேண்டும்.

நான் இதைச் செய்தபோதெல்லாம் பெரும்பாலோர் பிழையற்ற கடிதத்தையே முதலில் வைத்தார்கள். பிறகு எங்கோ ஒரு பெஞ்சிலிருந்து, 'இவருக்கு எவ்வளவு வேண்டுமாம்?' என்று ஒரு குரல் வரும். வகுப்பு அங்கே திரும்பும். ஏன் இது நல்ல கடிதம், ஏன் அது இல்லை என்று அவர்கள் சொல்லும் காரணங்களை ஆசிரியர் பலகையில் எழுதுகிறார்: என்ன கேட்கிறோம் என்பது முதல் பத்தியிலேயே தெரியவேண்டும், தொகையும் தேதியும் இருக்கவேண்டும், வினைச்சொல்லின் காலம் நடுவில் மாறக்கூடாது, இப்படி ஐந்தாறு. இந்தப் பட்டியலுக்கு மதிப்பீட்டு அளவுகோல் என்று பெயர். ஒரு படைப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்ல எவற்றைப் பார்க்கவேண்டும் என்ற முன்கூட்டிய உடன்பாடு அது. ஆசிரியர் அச்சிட்டுக் கொடுத்தாலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான் வந்திருக்கும். ஆனால் தம் வாயால் சொன்ன காரணத்தை மாணவர்கள் மறப்பதில்லை.

அடுத்த வகுப்பில் ஒவ்வொருவரும் கடிதம் எழுதுகிறார்கள். கடன் தேவைப்படாதவர் விடுதி அறைக்கோ பஸ் பாஸுக்கோ விடைத்தாள் மறுமதிப்பீட்டுக்கோ எழுதலாம். எழுதி முடித்ததும் அளவுகோலை வைத்துத் தம் கடிதத்துக்குத் தாமே மதிப்பெண் போட்டு, காரணத்தை ஒரு வரியில் எழுதுகிறார்கள். ஆசிரியர் அதைப் பார்க்காமல் தனியே மதிப்பெண் இடுகிறார். பிறகு இரண்டையும் அருகருகே வைக்கிறார்கள். மாணவர் 8 போட்டு ஆசிரியர் 5 போட்ட கடிதமும், மாணவர் 3 போட்டு ஆசிரியர் 6 போட்ட கடிதமும்தான் அன்றைய பாடம். இரண்டாவது வகைக் கடிதம் எழுதியவரோடு நான் கூடுதல் நேரம் பேசுவேன். தன்னைக் குறைத்து மதிப்பிடுவதும் அளவுகோல் பிழைதான், அந்தப் பிழை வாயை மூடிவிடக்கூடியது.

இறுதியாக ஒரு கற்றல் குறிப்பேடு. என்ன முயன்றேன், எது வந்தது, அடுத்து எதைப் பார்ப்பேன் என்று மூன்று வரிகள். டென்மார்க்கில் லேனி டாம் என்ற பள்ளி ஆசிரியை 1970களிலிருந்து தம் ஆங்கில வகுப்பில் இத்தகைய குறிப்பேடுகளை மையமாக வைத்து நடத்திய பணி உலகம் முழுவதும் ஆசிரியர்களுக்கு முன்மாதிரியாக இருக்கிறது. அவருடைய மாணவர்கள் பதினொரு, பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள். பல்கலைக்கழக மாணவருக்கு இது முடியாது என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் நினைவூட்டுவேன்.

குறிப்பேட்டில் எழுதும் அந்த மூன்று வரிகளில் நடப்பதற்கும் ஒரு பெயர் உண்டு: கற்றலைக் கவனித்தல். கற்றுக்கொண்டிருக்கும்போதே, எப்படிக் கற்கிறோம் என்று சற்று எட்ட நின்று பார்ப்பது. ஒரு மாணவி தம் கடிதங்களில் 'ஹி கோஸ்' என்று வரவேண்டிய இடத்தில் எல்லாம் 'ஹி கோ' என்று எழுதுவதைத் தாமே கண்டுபிடிக்கிறார் என்று கொள்வோம். தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள் என்று வினைச்சொல்லே ஆளைக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு எஞ்சியிருப்பது இந்த ஒற்றை 'ஸ்' ஒலிதான் என்று ஆசிரியர் ஒரு நிமிடம் விளக்குகிறார். 'அடுத்த கடிதத்தை முடித்ததும் வினைச்சொற்களை மட்டும் ஒருமுறை தனியாகப் படித்துப் பார்ப்பேன்' என்று மாணவி குறிப்பேட்டில் எழுதுகிறார். அந்த ஒரு வரியில் குறிக்கோள், உள்ளடக்கம், முறை, கண்காணிப்பு நான்கும் இருக்கின்றன. அவை பிறந்தது ஐந்தாவதிலிருந்து, அதாவது தம் பிழையைத் தாமே கண்டதிலிருந்து.

குறிப்பேட்டை எந்த மொழியில் எழுதுவது? டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டேவிட் லிட்டில், கற்கும் மொழியிலேயே இயன்றவரை எல்லாம் நடக்கவேண்டும் என்று வலியுறுத்துபவர். அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆயினும் தமிழ்வழியில் படித்து வந்த மாணவரிடம் முதல் பருவத்திலேயே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், 'நன்றாக இருந்தது, அடுத்த முறை முயல்வேன்' என்ற ஒரே வாக்கியம்தான் வாரா வாரம் வரும். முதல் பருவத்தில் தமிழில் எழுதட்டும். சிந்தனை முதலில் வரட்டும்.

## ஆசிரியர் ஒதுங்கிக்கொள்வதா?

மேலே சொன்ன வகுப்பை நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரியும். மூன்று கடிதங்களைத் தேர்ந்து தயார் செய்வது, காரணங்களைப் பலகையில் தொகுப்பது, இரட்டை மதிப்பெண்களை ஒப்பிடுவது, குறிப்பேடுகளைப் படிப்பது எல்லாம் மாதிரிக் கடிதத்தைச் சொல்லி எழுதவைப்பதைவிடப் பல மடங்கு உழைப்பு. லிட்டில் 1991இலேயே, தன்னாட்சி எவையெல்லாம் இல்லை என்று எடுத்துச் சொன்னார்: ஆசிரியர் இன்றித் தனியே படிப்பது இல்லை, ஆசிரியர் தம் பொறுப்பைக் கைவிடுவது இல்லை, பாடம் நடத்தும் இன்னொரு புதிய முறையும் இல்லை, ஒருமுறை அடைந்தால் என்றும் நிலைத்திருப்பதும் இல்லை.

கைமாற்றுவது படிப்படியாக நடக்கவேண்டும். கட்டடம் எழும்பும்போது கொத்தனார் நிற்கச் சாரம் கட்டுகிறார்கள். சுவர் இறுகியதும் பிரிக்கிறார்கள். கல்வியிலும் இதே உவமையைப் பயன்படுத்துகிறார்கள். இன்று துணையோடு செய்யமுடிவதை நாளை தனியே செய்யமுடியும் என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னதுதான் இதன் அடிப்படை. முன்பு ஒரு பருவத்தில் நான் முதல் வாரமே தலைப்பு, வடிவம், கெடு எல்லாவற்றையும் மாணவர்களிடமே விட்டேன். நாலைந்து பேர் எழுதினார்கள். மற்றவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நான் சுதந்திரம் கொடுத்ததாக எண்ணியிருந்தேன். சாரமில்லாத உயரத்தில் நிற்க வைத்திருக்கிறேன் என்று பிறகுதான் புரிந்தது. இப்போதெல்லாம் முதல் மாதம் இரண்டு தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

குழுவாக உட்காரவைப்பதே மாணவர் மையம் என்ற எண்ணத்துக்கு எதிரான நல்ல சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. மொழிக் கல்வி அறிஞர் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய பெங்களூர்த் திட்டத்தில், இலக்கணப் பாடத்துக்குப் பதிலாக ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துச் சிக்கல் தீர்க்கும் பணிகள் மாணவர்களுக்குத் தரப்பட்டன. மாணவர்களின் சிந்தனையை இயக்குவதே நோக்கம். ஆனால் பிரபு குழுப்பணியை வலியத் தவிர்த்தார். ஒருவர் பிழையை இன்னொருவர் பிடித்துக்கொண்டு அது நிலைத்துவிடும் என்பது அவருடைய கவலை. இதில் நான் அவரோடு முழுவதும் உடன்படவில்லை. இருந்தாலும் நாற்காலியை எப்படிப் போடுகிறோம் என்பதற்கும் மாணவர் மூளை வேலை செய்கிறதா என்பதற்கும் நேரடித் தொடர்பில்லை என்பதை அவருடைய பணி தெளிவாகக் காட்டுகிறது.

கைப்பேசிச் செயலியில் தனியாகப் படிப்பதும் இதே அளவைக்கு உட்பட்டதுதான். அடுத்த பாடம் எது என்று செயலி முடிவு செய்கிறது, சரியா தவறா என்று செயலி சொல்கிறது. பின்சீட்டு மாறவில்லை, ஓட்டுநர் மட்டும் மாறியிருக்கிறார். ஒரு வரி கேட்டால் முழுக் கடிதத்தையும் எழுதித்தரும் கருவிகள் வந்துவிட்ட காலத்தில், வந்த கடிதம் தன் தேவைக்குப் பொருந்துகிறதா என்று மதிப்பிடத் தெரியாதவர் நிலை இன்னும் மோசம்.

## அறுபது பேர் வகுப்பில் முடியுமா

இதுதான் நான் அடிக்கடி கேட்கும் மறுப்பு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு 5 மணி நேரம், பருவத்துக்கு 15 வாரம் என்றால் 75 மணி நேரம். ஆசிரியர் வாயே திறக்காமல், மாணவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினால் ஒருவருக்கு ஒரு பருவத்தில் 75 நிமிடம் கிடைக்கும். மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஆசிரியர் பேசினால் மிஞ்சுவது 25 நிமிடம். 25 நிமிடப் பேச்சில் எந்த மொழியும் வராது.

அதே வகுப்பில் மணிக்கு 10 நிமிடம் மட்டும் பக்கத்திலிருப்பவரோடு மாறிமாறிப் பேசவைத்தால், ஒருவருக்கு வகுப்புக்கு 5 நிமிடம், பருவத்துக்கு 375 நிமிடம், அதாவது 6 மணி 15 நிமிடம். பெஞ்சை நகர்த்தவேண்டாம், கணினி வேண்டாம். அறுபது பேரையும் ஆசிரியர் ஒருவரே கேட்டுத் திருத்த முடியாது என்பது உண்மை. அதனால்தான் தன்னைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ளும் திறன் பெரிய வகுப்பில் கூடுதலாகத் தேவைப்படுகிறது. இருபது பேர் வகுப்பில் தன்னாட்சி ஒரு வசதி. அறுபது பேர் வகுப்பில் அது இல்லாமல் யாருக்கும் மொழி வராது.

## யாழ்ப்பாணத்தில் ஓரத்தில் எழுதியவை

இந்தக் கருத்துகளை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் படிக்கவேண்டிய ஓர் அனுபவம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட முதலாண்டு மாணவர்களின் கட்டாய ஆங்கில வகுப்பைப் பற்றி மொழியியலாளர் சுரேஷ் கனகராஜா ஆய்வு செய்து 1993இல் எழுதினார். போர்க்காலம். வகுப்பில் பயன்பட்டது அமெரிக்காவில் உருவான ஒரு பாடநூல். உரையாடல், செயல்பாடு என்று அமைந்தது. மாணவர்கள் வெளிப்படையாக எதிர்க்கவில்லை. ஆனால் பாடநூலின் ஓரங்களில் தமிழில் எழுதிவைத்தார்கள், படம் வரைந்தார்கள். திரைப்பாடல்களும், தங்களைச் சுற்றி நடந்த போராட்டமும் அந்த ஓரங்களில் இடம்பிடித்தன. வகுப்பில் அவர்கள் கேட்டதோ இலக்கணத்தை. உரையாடல் செயல்பாடுகள் அவர்களுக்குப் பயனுள்ளவையாகத் தோன்றவில்லை. தேர்வில் தேறும் வழி வேண்டும் என்றார்கள்.

முதல் பார்வையில் இது தன்னாட்சிக்கு எதிரான சான்று போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தங்களுக்கு எது தேவை என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அந்த முடிவைக் கேட்க வகுப்பில் இடம் இல்லாததால் அது ஓரத்துக்குப் போனது. மாணவரைக் கேட்காமல் அவர்கள்மேல் சுமத்தும் மாணவர் மைய முறை, இலையைப் பார்க்காமல் ஊற்றும் ரசம்தான். ரசம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அப்படித்தான். இலக்கணம் கேட்பவருக்கு இலக்கணம் கொடுத்துத் தொடங்கலாம். எந்த இலக்கணம், எதற்காக, வந்ததா என்று எப்படித் தெரியும் என்ற கேள்விகளை அவரிடமே கேட்டால், அந்த இலக்கண வகுப்பிலும் முடிவுகள் கைமாறத் தொடங்கும்.

## இறக்குமதிச் சரக்கா

இந்தச் சிந்தனை நமக்கு அந்நியம் என்று சொல்பவர்கள் நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் பார்க்கலாம். ஆசிரியர் சொன்னதை மாணவர் முழுமையாக ஏற்றுக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் கிடைக்கும் என்கிறார் பவணந்தி முனிவர். இன்னொரு கால் பங்கு உடன் பயில்பவர்களோடு பழகுவதால் வருகிறது. மீதி அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால் வருகிறது. கேட்டவற்றை நினைத்துப் பார்ப்பது, வினாவுவது, வினாவியதற்கு விடை சொல்வது எல்லாம் மாணவரின் கடமைகள் என்றும் அவர் சொல்கிறார்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. ஆசிரியரிடம் அழலைப்போல் அஞ்சி, மிக நெருங்காமலும் மிக விலகாமலும் இருக்கவேண்டும் என்பதும் அதே பாயிரம்தான். குறிக்கோளையும் பாடத்தையும் மாணவர் தேர்ந்தெடுப்பது பவணந்தியாரின் காலத்துக் கருத்து இல்லை. ஆனால் முக்கால் பங்கு கற்றல் ஆசிரியர் வாய்மூடிய பிறகு நடக்கிறது என்ற கணிப்பு தமிழில் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளாக இருந்துவருகிறது.

ஹாங்காங் சூழலில் பணியாற்றிய வில்லியம் லிட்டில்வுட் 1999இல் முன்வைத்த ஒரு பிரிவினையும் இங்கே உதவும். திசையைத் தானே வகுத்துக்கொள்வது முனைப்புத் தன்னாட்சி. திசையை இன்னொருவர் காட்டிய பிறகு, அதில் போகும் வழியைத் தானே அமைத்துக்கொள்வது எதிர்வினைத் தன்னாட்சி. பாடத்திட்டமும் பல்கலைக்கழகத் தேர்வும் திசையை முடிவு செய்துவிட்ட நம் வகுப்புகளில் இரண்டாவது வகைக்கு இடம் ஏராளம். தேர்வு மாறட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை.

## வரும் வாரத்துத் தேர்வில்

தொடங்க விரும்பும் ஆசிரியருக்கு நான் சொல்வது ஒன்றுதான். அடுத்த உள்மதிப்பீட்டுத் தேர்வில், எழுதி முடித்த தாளை உங்களிடம் ஒப்படைக்கும் முன் ஒவ்வொருவரையும் கடைசிப் பக்கத்தின் மூலையில் ஓர் எண்ணும் ஒரு வரியும் எழுதச் சொல்லுங்கள்: எவ்வளவு மதிப்பெண் எதிர்பார்க்கிறேன், ஏன். அந்த எண்ணுக்கு மதிப்பெண் கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் உங்களை மகிழ்விக்கும் எண்ணை எழுதுவார்கள். திருத்தித் தரும்போது உங்கள் எண்ணை அதன் பக்கத்தில் எழுதுங்கள்.

முதல் முறை பெரும்பாலான வரிகள் 'நன்றாகப் படித்தேன்' என்றோ 'சரியாகப் படிக்கவில்லை' என்றோ இருக்கும். மூன்றாவது நான்காவது தேர்வில் வரிகள் மாறத் தொடங்கும். என்னிடம் வந்த ஒரு தாளின் மூலையில் இப்படி இருந்தது: '25க்கு 14. இரண்டாவது பத்தியில் காரணம் சொல்லாமல் முடிவுக்குப் போய்விட்டேன், இப்போது திருத்த நேரம் இல்லை.' நான் அதற்கு 15 போட்டேன். அந்த மாணவருக்கு அந்தப் பத்தியைப் பற்றி நான் சொல்லவேண்டியது எதுவும் மிச்சம் இருக்கவில்லை. அடுத்த கடிதம் யாருக்கு எழுதப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன்.